பொட்ஸ் உள்ளவருக்குச் சாப்பிட்டதும் வயிறு ஊதி நெஞ்சு படபடப்பது ஏன்? என்ன கொடுக்கலாம்?

கேள்வி இதுதான்: பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருக்கும் 22 வயதுத் தங்கைக்கு பொட்ஸ் (POTS, எழுந்து நின்றால் நாடி அளவுக்கு மீறி ஓடும் கோளாறு) என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். பகல் சோறு சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, குமட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் மலம் போகிறது. ஒமிப்ரசோல் மூன்று மாதம் குடித்தும் சுகமில்லை. இது கெஸ்ட்ரைட்டிஸா, பொட்ஸா, என்ன சாப்பிடக் கொடுப்பது என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

நம் பக்கம் மேல்வயிற்றில் எது வந்தாலும் கெஸ்ட்ரைட்டிஸ்தான். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் ஒமிப்ரசோலும் கூடவே வந்துவிடும். அமிலத்தால் வந்த எரிச்சலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் ஊதலுக்கும் குமட்டலுக்கும் காரணம் அமிலம் இல்லை என்றால் மூன்று மாதம் இல்லை, மூன்று வருடம் குடித்தாலும் பலன் வராது. நீண்ட காலம் குடித்தால் இரும்புச்சத்தும் பி12 விட்டமினும் உடம்பில் சேர்வது குறையலாம். அதற்காக இன்றே நிறுத்திவிட வேண்டாம். "இன்னும் தேவையா?" என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

பொட்ஸ் என்றால், படுத்திருந்தவர் எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடுவது. 12 முதல் 19 வயதுவரை 40. பிரஷர் பெரிதாக விழாது. தலைச்சுற்று, படபடப்பு, களைப்பு எல்லாம் 3 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1993இல் இந்தப் பெயரை வைத்தார்கள். பெயரில் இதயம் வேகமாக அடிப்பது (tachycardia) இருந்தாலும் கோளாறு இருப்பது, நாம் நினைக்காமலே இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் குடலையும் ஓட்டிக்கொண்டிருக்கும் தன்னியக்க நரம்புகளில். அதனால்தான் வயிறும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது.

சாப்பிட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதே இதயம் தள்ளும் இரத்தத்தில் கிட்டத்தட்ட கால்வாசி வயிறு, குடல், ஈரல் பக்கம் போகிறது. சாப்பிட்டால் இன்னும் கூடும். சுகமான உடம்பு கால், கை, தோல் பக்கத்துக் குழாய்களைச் சுருக்கி அதை ஈடு செய்துவிடும். பொட்ஸில் அந்தச் சுருக்கம் சரியாக நடக்காது. இரத்தம் வயிற்றில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், இதயம் ஓடி ஓடி அடிக்கும். சீனி, வெள்ளைச் சோறு மாதிரி வேகமாகக் குளுக்கோஸாகும் உணவில் இது கூடுதல். வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொட்ஸ் உள்ளவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். நிற்கும்போது நாடி இன்னும் கூடியது. குடல் பக்கத்து இரத்தக் குழாய்களை விரிக்கிற ஜிஐபி என்ற ஹோர்மோனும் ஏறியிருந்தது. காலையில் வெறும் பிளேன்டி, பகல் ஒரு மணிக்குத் தட்டு நிறையச் சோறு, சாப்பிட்ட கையோடு மலை ஏற்றம் என்று போனால் பொட்ஸ் உடம்புக்கு அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை.

ஆனால் எல்லார் வயிறும் ஒரே மாதிரி இல்லை. பொட்ஸ் உள்ள சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, சிலருக்கு மிக வேகமாக, சிலருக்குச் சரியான வேகத்தில். மூன்றிலும் குமட்டலும் ஊதலும் வரும். மந்த வயிற்றுக்குச் சொல்லும் சாப்பாட்டு முறையை வேக வயிற்றுக்குக் கொடுத்தால் கூடிவிடும். ஆகவே என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்கு முன்னால், எப்போது வருகிறது, உடம்பு எந்த நிலையில் இருக்கும்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கொப்பியில் 10 நாள் எழுதுங்கள்: சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, தொல்லை தொடங்கிய நேரம், அப்போது நின்றாரா இருந்தாரா படுத்தாரா, படுத்ததும் குறைந்ததா, மலம் போனதா. இதோடு மூன்று நாள் நாடியும் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடம் படுக்க வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு சுவரோரம் நிற்க வைத்து 2, 5, 10ஆவது நிமிடங்களில் எண்ணுங்கள். சாப்பிட்டு 30 நிமிடம் கழித்து அதே மாதிரி இன்னொரு தடவை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிடுங்கள், 10 நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கொப்பியைப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கும். குமட்டல் நிற்கும்போது வந்து, படுத்தால் 10, 15 நிமிடத்தில் அடங்குகிறதா? அது வயிற்று நோயைவிட இரத்தம் கீழே தேங்குவதால் வரும் குமட்டல். தண்ணீர், உப்பு, வயிற்றுப் பட்டி, நாடியைக் குறைக்கும் மருந்து என்று பொட்ஸுக்கான வைத்தியம் சரியாக நடந்தாலே குறையும். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வயிறு முறுக்கி, வியர்த்து, படபடத்து, சில நேரம் வயிற்றாலும் போகிறதா? வேக வயிறாக இருக்கலாம். அதே ஆளுக்கு ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலம் கழித்து நடுக்கமும் பசியும் வந்தால் இரத்தச் சீனி இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பி, மாலை வரைக்கும் பகல் சோறு அப்படியே கிடப்பது போல இருந்து, ஏப்பத்திலும் சத்தியிலும் பழைய சாப்பாடு வந்தால் மந்த வயிறு. உறுதியாகச் சொல்ல ஸ்கேன் இருக்கிறது: கதிரியக்கப் பொருள் மிகக் கொஞ்சமாகக் கலந்த உணவைக் கொடுத்து நாலு மணித்தியாலம் படம் எடுப்பார்கள். நாலாவது மணித்தியாலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் மந்தம். முதல் மணித்தியாலத்திலேயே 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வேகம்.

இவ்வளவுக்கும் முன்னால், தோட்டப் பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டியது இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் குறைந்தாலே நின்றால் நாடி ஓடும், தலை சுற்றும், சாப்பாடு பிடிக்காது. பொட்ஸ் என்று தவறாகப் பெயர் விழலாம், அல்லது இருக்கிற பொட்ஸ் இரண்டு மடங்காகத் தெரியலாம். ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கிற இடங்களில் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது குடித்தார்? அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு தடவை போதும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கூடாது. தைரொயிட், இரத்தச் சீனி, கர்ப்பமா என்பது, இவையும் பார்க்க வேண்டியவை. உடம்பு மெலிந்து, தோல் கறுத்து, உப்பு உப்பு என்று ஆசைப்பட்டு, அடிக்கடி சத்தியும் எடுத்தால் அட்ரினல் சுரப்பியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை பொட்ஸ் என்று விட்டுவிட்டால் உயிராபத்து.

இரத்தம் கலந்த அல்லது தார் மாதிரிக் கறுத்த மலம், விழுங்கக் கஷ்டம், தூக்கத்தை எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, எதுவும் தங்காத சத்தி, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் உயிர் போகிற வலி: இவை எதையும் பொட்ஸின் கணக்கில் எழுதக்கூடாது. இரும்பு மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும் என்பதால் அதைக் குடிக்கிறாரா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மயங்கி விழுந்து தெளியாவிட்டாலோ இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

சரி, சாப்பாடு. எந்த வயிறானாலும் முதலில் மாற்ற வேண்டியது அளவு. மூன்று பெரிய நேரத்தை ஐந்தாக ஆறாகப் பிரியுங்கள். பகலுக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவுச் சோறு போதும், மிச்சத்தை மூன்று மணிக்குக் கொடுக்கலாம். சோற்றோடு முட்டையோ மீனோ கோழியோ இருக்கட்டும். தனிச் சோறும் சம்பலும் என்றால் குளுக்கோஸ் சட்டென்று ஏறும். சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் மலை ஏறுவதும், சுடுதண்ணீரில் குளிப்பதும், அடுப்படியில் நிற்பதும் வேண்டாம். நுவரெலியாக் குளிரில் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் குளிக்கட்டும், ஒரு ஸ்டூலில் இருந்துகொண்டு.

வேக வயிற்றுக்கு: சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, அரை மணித்தியாலம் முன்னும் அரை மணித்தியாலம் பின்னும் தள்ளிக் கொடுங்கள். மூன்று கரண்டி சீனி போட்ட தேநீர், நெக்டோ மாதிரிச் சோடாக்கள், குளுக்கோஸ் மாக் கரைசல் எல்லாம் எதிரி. சோர்ந்து கிடக்கிறாளே என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். இவருக்கு அதுவே படபடப்பைக் கிளப்பும். தவிட்டோடு இருக்கும் அரிசி, பருப்பு, குரக்கன், கொஞ்சம் தேங்காய் நல்லது. சாப்பிட்டதும் 20, 30 நிமிடம் சரிந்து படுத்தால் இரைப்பை இறங்குவதும் மெதுவாகும், நாடியும் அடங்கும்.

மந்த வயிற்றுக்கு இதில் பாதி தலைகீழ். எண்ணெயும் நாரும் வயிற்றில் தங்கும். குழைந்த சோறு, கஞ்சி, இடியப்பமும் இரண்டாம் பாலில் வைத்த சொதியும், தோல் நீக்கி மசித்த உருளைக்கிழங்கும் கரட்டும், அவித்த மீன் என்று மென்மையாக இருக்கட்டும். பலாக்கொட்டை, பச்சைக்கீரைச் சம்பல், பொரித்த பண்டங்கள், கொத்துரொட்டி கொஞ்ச நாள் வேண்டாம். சத்தி வரும் நாளில் கெட்டி உணவை விட்டு, வடித்த சூப்பும் கஞ்சியும் கொடுங்கள். திரவம் மந்த வயிற்றிலும் ஓரளவு இறங்கும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் மட்டமாகப் படுக்கக்கூடாது. நிமிர்ந்து இருக்க நாடி விடாது என்பதால் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, காலை நீட்டிச் சாய்ந்திருப்பதுதான் நடுவழி.

ஊதல்தான் பெரிய தொல்லை என்றால் தோட்டத்து ரொட்டியைப் பாருங்கள். கோதுமை மா, வெங்காயம், உள்ளி, லீக்ஸின் வெள்ளைப் பகுதி, பருப்பு, பால்மாவின் லக்டோஸ் இவையெல்லாம் குடலில் நொதித்து வாயு கிளப்பும் மாச்சத்துக் கூட்டம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் ஏற்கெனவே மெலிந்தவர் இன்னும் மெலிவார். முதல் வாரம் பால்மாத் தேநீரை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் இல்லையா, திரும்பக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரம் கோதுமை ரொட்டிக்குப் பதில் அரிசிமா இடியப்பம், பிட்டு. பருப்பை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவியுங்கள், இரண்டு மேசைக்கரண்டி அளவோடு நிறுத்துங்கள். உள்ளி வாசம் இல்லாமல் கறி இறங்காது என்றால் முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாயு கிளப்பும் சத்து எண்ணெயில் கரையாது. லீக்ஸில் பச்சைத் தாளைச் சேர்க்கலாம். நம் தோட்டத்து மரக்கறியில் கரட்டும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, கோவா தரும்.

தண்ணீரும் உப்பும் பொட்ஸ் வைத்தியத்தின் அடித்தளம். ஒரு நாளைக்கு 2 முதல் 3 லீற்றர், உப்பு உணவில் சேர்வதையும் சேர்த்து 10 கிராம் வரை, அதாவது மட்டமாக எடுத்த இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய பலவீனம், கர்ப்பம் இருந்தால் வைத்தியர் சொல்லாமல் உப்பைக் கூட்டக்கூடாது. குமட்டல் உள்ளவருக்கு உப்பு மாத்திரையோ கட்டி உப்புத் தண்ணீரோ கொடுத்தால் சத்திதான் வரும். கஞ்சியில், ரசத்தில், ஊறுகாயில், நெத்தலியில் பிரித்துக் கொடுப்பது லேசு. கருவாடு சாப்பிட்டால் முகம் சிவந்து, சொறிந்து, வயிற்றாலும் போகிற சிலர் உண்டு. அப்படியானால் கருவாட்டையும் மாசியையும் விட்டுவிட்டு வெறும் உப்பாகச் சேருங்கள். காலையில் படுக்கையை விட்டு இறங்க முன் அரை லீற்றர் தண்ணீர் குடிப்பது நாடிக்கு நல்லது; மந்த வயிற்றுக்காரர் அதை மூன்றாகப் பிரித்து முக்கால் மணித்தியாலத்தில் குடிக்கட்டும். ஜீவனி (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) கரைத்தால் பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகு கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லீற்றருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவிவிடும் வழக்கத்தை இவருக்குச் செய்யவே வேண்டாம். விளக்கெண்ணெயோ சூரத்தாவாரை இலையோ ஒரே நாளில் நிறையத் தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளும். பிறகு எழுந்து நிற்பதே கஷ்டமாகும். மலத்தை இளக்கும் மக்ரகோல் தூள் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. லக்டுலோஸ் பாணி வேலை செய்யும், ஆனால் அதுவே நொதித்து ஊதலைக் கூட்டும். இசப்பகோல் ஒரு தேக்கரண்டியை முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் கட்டியாகி அடைக்கும், மந்த வயிற்றுக்கு அது வேண்டவே வேண்டாம். இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கலாமா என்று கேளுங்கள். அதைத் தேநீரோடு குடித்தால் சேராது, ஒரு மணித்தியாலம் முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் தேநீர் இல்லாமல் இருக்கட்டும்.

முக்கினால் பிரஷர் இறங்கும். குந்தியிருந்து சட்டென்று எழும்பினால் இரத்தம் காலுக்குப் போகும். பொட்ஸ்காரர் மலசலகூடத்தில் விழுவதற்கு இரண்டும் சேர்ந்த அந்த நொடிதான் காரணம். லயத்துக்குப் பின்னால் படி இறங்கிப் போகிற மலசலகூடமென்றால் சுவரில் பிடிக்க ஒரு கம்பி அடியுங்கள், உள்தாழ்ப்பாள் போட வேண்டாம், எழும்ப முன் கெண்டைக்காலை இருபது தடவை இறுக்கித் தளர்த்தட்டும். இரவில் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

வயிற்றுப் பட்டி நல்ல சாதனம். கால்களைவிட வயிற்றில் தேங்கும் இரத்தம்தான் அதிகம் என்பதால் முழங்கால் வரைக்குமான காலுறையைவிட இது பயன் தரும். எழும்ப முன் கட்டி, சாப்பிட்டதும் ஊதினால் ஒரு மணித்தியாலம் தளர்த்தலாம். கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்கின் கயிறு இதற்கு ஈடில்லை. கயிறு ஒரு கோட்டில் இறுக்கி மேல்வயிற்றை நசுக்கும், பட்டி தொப்புளுக்குக் கீழிருந்து அகலமாக அணைக்கும்.

மருந்துகளில்தான் கவனம் தவறுவது அதிகம், ஏனென்றால் இதயத்துக்கு ஒரு கிளினிக், வயிற்றுக்கு இன்னொரு கிளினிக். நாடியைக் குறைக்கும் ஐவப்ரடின் குடிக்கிறவருக்கு, வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபக்டர் கிருமிக்கான மருந்துக் கூட்டில் கிளரித்ரோமைசின் சேர்க்கக்கூடாது. ஐவப்ரடின் இரத்தத்தில் பல மடங்கு ஏறி இதயத்தை மிக மெதுவாக்கிவிடும். கிளரித்ரோமைசினோடு குமட்டல் மருந்தான டொம்பெரிடோனும் சேரக்கூடாது, இதயத் தாளம் குழம்பும். இன்னொரு குமட்டல் மருந்தான மெட்டோகுளோபிரமைட் ஐந்து நாளுக்கு மேல் போனால் முகமும் வாயும் தானாக அசையும் கோளாறு வரலாம். ஒன்டன்செட்ரோன் குமட்டலைக் குறைத்து மலத்தை இறுக்கும். உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தங்க வைக்கும் புளூட்ரோகோட்டிசோன் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் குறைந்தால் குடல் மந்தமாகும், வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும், ஆகவே இரத்தம் சோதிக்க வேண்டும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் குடித்த நாலு மணித்தியாலத்துக்குள் மட்டமாகப் படுத்தால் பிரஷர் ஏறும், அதனால் மேலே சொன்ன சாப்பாட்டுக்குப் பின்னான படுக்கை அவருக்குத் தலையணைச் சாய்வாகத்தான் இருக்க வேண்டும். பைரிடோஸ்டிக்மின் நாடியையும் குறைத்து குடலையும் அசைக்கும். மலச்சிக்கலோடு பொட்ஸ் என்றால் வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேட்கத் தகுந்த மருந்து, ஆனால் வயிற்றால் போகிறவருக்கு முறுக்கைக் கூட்டும். புரொப்ரனலோல் கொடுத்தால் ஆஸ்துமா இருப்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கிளினிக் நாளுக்கு ஒரு வார்த்தை. விடிய நாலு மணிக்கு வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, வளைவு வளைவாகக் கண்டிக்கு இறங்கி, துண்டு எடுக்க வரிசையில் நின்றால் எல்லாத் தொல்லையும் ஒன்றாக வரும். இரத்தச் சோதனைக்குச் சாப்பிடாமல் வரச் சொன்னால் தவிர, புறப்படும் முன் அரைக் கோப்பை உப்புக் கஞ்சி, பிளாஸ்கில் இன்னும் கொஞ்சம், ஒரு போத்தல் தண்ணீர். முன் ஆசனம் கேட்டு இருங்கள். பஸ் குமட்டலுக்கு புரோமெதசின் குடித்துவிட்டுப் போகாதீர்கள். அது தூக்கத்தோடு பிரஷரையும் இறக்கும், அன்று அளக்கிற நாடி எண்ணும் உண்மையாக இராது. வரிசையில் அண்ணன் நிற்கட்டும், தங்கை காலை நீட்டி வாங்கில் இருக்கட்டும். 10 நாள் எழுதிய கொப்பியையும் குடிக்கிற எல்லா மருந்து அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, இரண்டு கிளினிக்கிலும் அதே பையை மேசையில் வையுங்கள்.